கீழ்ப்படிஞ்ச சாமியாருக்கு என்ன கிடைச்சுது?

எங்க ஆச்சி கடைசி வரைக்கும் முக்காடு இல்லாம பூசைக்குப் போனதில்ல. லத்தீன்ல ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது, ஆனாலும் சாமி ஜனங்க பக்கம் திரும்பி நின்னு பூசை வைக்குறது அதுக்குப் பிடிக்காது, "கடையில நின்னு சாமான் குடுக்குற மாதிரி இருக்கு"ன்னு முணுமுணுக்கும். அதே ஆச்சிகிட்ட மேற்றிராணியாரை (ஆயரை) பத்தி யாராவது குறையா பேசினா தொலைஞ்சாங்க. இந்த ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள எப்படி இருந்துச்சுன்னு, பேராயர் லெஃபெவ்ர் கதையைப் படிக்கும்போதெல்லாம் யோசிப்பேன்.

மார்செல் லெஃபெவ்ர் பிரெஞ்சுக்காரர், செனகல்ல டாக்கர் பேராயரா இருந்தவர், அப்புறம் தூய ஆவி சபைங்குற மறைபணித் துறவற சபைக்கே தலைவர். அதாவது ஆயிரக்கணக்கான குருக்கள்கிட்ட கீழ்ப்படிதல் கேட்டு வாங்குன ஆளு. ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம் வந்த மாற்றங்கள் பிடிக்காம 1970-ல புனித பத்தாம் பயஸ் குருக்கள் சபையை ஆரம்பிச்சார், சுவிட்சர்லாந்துல எக்கோன்ங்குற ஊர்ல குருமடம். 1975-லயே சபைக்குக் குடுத்த அங்கீகாரத்தை ஃப்ரிபூர்க் ஆயர் ரத்து பண்ணிட்டார். 1976-ல ரோம் வேண்டாம்னு சொல்லியும் குருப்பட்டம் குடுத்தார், குருத்துவப் பணி எதையும் செய்யக்கூடாதுன்னு தடை வந்துச்சு, அதுக்கு அடுத்த மாசமே லீல் நகரத்துல ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு முன்னாடி பழைய பூசை, அதாவது சங்கத்துக்கு முன்னாடி இருந்த லத்தீன் பூசை, வச்சார்.

ஆனா எனக்கு முக்கியமாப் படுறது 1988 தான். மே 5-ந் தேதி ரோம் சார்பா பேசுன கார்டினல் ராட்சிங்கரோட (பின்னாடி பதினாறாம் பெனடிக்ட் ஆனவர்) ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டார். சபைக்கு அங்கீகாரம், பழைய பூசை, ஒரு ஆயர் எல்லாம் உண்டு. மறுநாளே பின்வாங்கிட்டார். ராத்திரி முழுக்கத் தூங்காம யோசிச்சிருப்பார்னு நினைக்கிறேன், 82 வயசு, ஆயர்தான் குருப்பட்டம் குடுக்க முடியும், நான் போயிட்டா என் பசங்களுக்கு யார் பட்டம் குடுப்பாங்கன்னு பயம், ரோம் இழுத்தடிக்குதுன்னு சந்தேகம். ஜூன் 30-ந் தேதி போப்பாண்டவர் உத்தரவு இல்லாம நாலு பேரை ஆயராக்கினார். சட்டப்படி அந்த நிமிஷமே சபைவிலக்கம், அதாவது திருச்சபையில இருந்து தள்ளி வைக்குறது. ஆத்துமாக்களைக் காப்பாத்துறதுதான் திருச்சபையோட உச்ச சட்டம், இது அவசர நிலைன்னு அவர் பக்கம் வாதம். என்னால அதை ஏத்துக்க முடியல, அவசரமா இல்லையான்னு அவரே தீர்ப்பு சொல்லிக்கிட்டா அப்புறம் போப்பாண்டவர் எதுக்கு?

அவர்கிட்ட படிச்ச எல்லாரும் அவர் பின்னாடி போகல. பன்னிரண்டு குருக்கள், கூட கொஞ்சம் குருமாணவர்கள், வெளிய வந்து அதே ஜூலையில புனித பேதுரு குருக்கள் சபையைத் தொடங்கினாங்க. அதே பழைய பூசை, அதே கருப்பு அங்கி, ஆனா போப்பாண்டவரோட. தங்களை வளர்த்த கிழவரை விட்டுட்டு வந்தது எவ்வளவு வலிச்சிருக்கும்! துரோகின்னு பேர் வாங்கியிருப்பாங்க.

இப்ப வேடிக்கையைப் பாருங்க. 2015-ல போப் பிரான்சிஸ் இரக்கத்தின் ஆண்டுக்காக எக்கோன்காரங்ககிட்ட செய்யுற பாவசங்கீர்த்தனம் செல்லும்னார், அப்புறம் அதை நீட்டிச்சார், 2017-ல கல்யாணத்துக்கும் வழி பண்ணினார். அதே பிரான்சிஸ் 2021 ஜூலை 16-ல போட்ட உத்தரவுல, பழைய பூசை வைக்குற மறைமாவட்ட சாமியார் ஆயர்கிட்ட அனுமதி கேக்கணும், பங்குக் கோயில்ல வைக்கக்கூடாது, புதுசா பட்டம் வாங்குறவர்னா ரோமையும் கேக்கணும். அடி யார்மேல விழுந்துச்சு? கட்டளை கேட்காதவங்க தங்களோட சொந்தக் கோயில்ல வழக்கம்போல வச்சுக்கிட்டாங்க, ஆயர் கையில கை வச்சு வாக்குக் குடுத்த பங்குச் சாமிதான் பீடத்தைப் பூட்டிட்டு ஜனங்களுக்குப் பதில் சொல்லவேண்டி வந்துச்சு. பேதுரு சபைக்காரங்களுக்கு மட்டும் பழைய பூசையைத் தொடர 2022 பிப்ரவரில தனி ஆணை வாங்க முடிஞ்சுது. போப்பாண்டவருக்கு அந்த அதிகாரம் இருக்கு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா பேச்சு கேட்டவனுக்கு இதுதானா மரியாதைன்னு கோபம் வருது, வராம இருக்குமா?

எக்கோன் சபைக்கு எங்க பாளையங்கோட்டையிலயே ஒரு மடம் இருக்கு. போன தடவை ஊருக்குப் போனப்ப சித்தப்பா கேட்டார், "ஏல, அங்க பாவசங்கீர்த்தனம் செய்யலாமா?" செல்லும் சித்தப்பா, போப்பே சொல்லிட்டார்னேன். "அப்ப பூசை?" செல்லும், ஆனா முறைப்படி அனுமதி இல்லன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "உங்க ஆச்சி இருந்திருந்தா ரெண்டு பக்கத்தையும் ஏசியிருப்பா"ன்னுட்டு டீ குடிக்கப் போயிட்டார்.