துடுப்பில் காது, சங்கிலியில் கை

கல்லடிக்கு வந்து இரண்டு வாரமாகிறது, மழை விட்டபாடில்லை. மார்கழியில் மட்டக்களப்புக்கு வந்தால் அப்படித்தான். வாசலில் கணுக்காலளவு தண்ணீர். குடையோடு வந்த எதிர்வீட்டு மாமி தேத்தண்ணீரை வாங்கிக்கொண்டு முதலில் கேட்டது இதைத்தான்: "நடுக்கடல்ல எப்பிடிப் புள்ள நித்திரை கொள்றீங்க? பயமில்லையா?"

"நடுக்கடலில பயமில்ல மாமி, பயமெல்லாம் கரைக்குப் பக்கத்தில வந்தாத்தான்" என்றேன். மாமி நம்பவில்லை.

நானும் இவரும் மத்தியதரைக் கடலில் பாய்மரப் படகில் வாழத் தொடங்கி மூன்று வருடம். 36 அடிப் படகு. லண்டனில் வேலையை விட்டு, சேமிப்பில் பாதியைக் கொடுத்து கிரேக்கத்தின் பிரேவெசாவில் வாங்கினோம். எங்களுடையது பிரித்தானியக் கடவுச்சீட்டு. அதனால் ஷெங்கன் நாடுகளில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட கிரேக்கம் போன்ற ஐரோப்பிய நாடுகளில், எந்த 180 நாட்களை எடுத்தாலும் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. சித்திரையில் கிரேக்கம், ஆடியில் துருக்கி, குளிருக்கு மட்டக்களப்பு. எங்கள் வருடம் இப்படித்தான் போகிறது. படகு இப்போது கிரேக்கத்தின் லெரோஸ் தீவில் கரையேறி, முட்டுக்கொடுத்தபடி நிற்கிறது.

வீட்டுக்கும் படகுக்கும் பெரிய வித்தியாசம் தண்ணீர்தான். தொட்டியில் 300 லீற்றர். அது தீர்ந்தால் அடுத்த துறைமுகம் வரை இல்லை. சட்டி பானையைக் கடல் நீரில் கழுவி, கடைசியில் ஒரு கோப்பை நல்ல தண்ணீரில் அலசுவேன். அந்தக் கடல் நம் கடலை விட உப்பு, லீற்றருக்கு ஏறக்குறைய 38 கிராம். குளித்து ஏறினால் தோலில் வெள்ளை பூக்கும். கிணற்றடியில் வாளி வாளியாக ஊற்றிக் குளித்து வளர்ந்தவளுக்கு இது பழக ஒரு வருடம் பிடித்தது. தேங்காய் கிடைக்காது, உலர்ந்த துருவல்தான். அதிலும் பிட்டு அவிக்கிறேன். சந்தையில் வாங்கும் சாளையில் சொதி வைத்தால் இவருக்கு வேறு எதுவும் வேண்டாம்.

இந்த வருடம் ஆனி கடைசியில் கொரிந்து கால்வாய்க்குள்ளால் கிரேக்கத்தின் கிழக்கே உள்ள ஏஜியன் கடல் பக்கம் போனோம். 1893இல் திறந்த கால்வாய் அது. ஆறு கிலோமீற்றருக்குச் சற்றே கூடிய தூரம், இரண்டு பக்கமும் செங்குத்தாக வெட்டிய பாறை. அண்ணாந்து பார்த்தால் ஒரு துண்டு வானம். மறுபக்கம் வெளியே வந்தால் மெல்தெமி காத்திருக்கிறது.

மெல்தெமி என்பது கோடையில் வடக்கிலிருந்து அடிக்கும் காற்று. மழையில்லை, மேகமில்லை. பளிச்சென்ற வெயிலில் நாட்கணக்கில் அடிக்கும். எனக்கு அது உடனே நம்முடைய கச்சான் காற்றைத்தான் ஞாபகப்படுத்தியது. மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து வந்து உதட்டை வெடிக்கவைக்கும் கச்சான்! திசை வேறு, சூடு வேறு, ஆனால் குணம் ஒன்று. வானத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது.

கித்னோஸ் தீவின் ஒரு குடாவில் அந்தக் காற்றில் மாட்டினோம். மாலை ஆறு மணி, ஐந்து மீற்றர் ஆழம். தண்ணீருக்கடியில் கருந்திட்டாகத் தெரிந்தது பொசிடோனியா என்ற கடற்புல். அந்தக் கடலுக்கே உரியது, சட்டம் போட்டுப் பாதுகாக்கிறார்கள். நங்கூரம் போட்டால் புல்லும் அழியும், பிடியும் கிடைக்காது. வெளிறித் தெரியும் மணலைத் தேடித்தான் போட வேண்டும். இவர் சுக்கானில், நான் படகின் முன்முனையான அணியத்தில். முதல் தடவை புல்லில் விழுந்து இழுபட்டது. தூக்கினோம். இரண்டாவது தடவை மணலில் விழுந்தது. 35 மீற்றர் சங்கிலி விட்டோம்.

பிறகு செய்வதுதான் முக்கியம். சங்கிலியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். நங்கூரம் இழுபட்டால் சங்கிலி கடகடவென்று நடுங்கும், கல்லில் வண்டி உருள்வது போல. பிடித்துவிட்டால் விறைத்து, அமைதியாக இருக்கும். அன்றிரவு காற்று 35 நொட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 65 கிலோமீற்றர் வரை ஏறியது. மலையிலிருந்து இறங்கி இறங்கி அடித்தது. பாறைக்கரை நூறு மீற்றருக்கும் குறைவு. விடியும்வரை மாறி மாறிப் போய்க் கையை வைத்துப் பார்த்தோம்.

மூன்று மணியளவில் அணியத்தில் குந்தியிருந்தபோது அப்பப்பா நினைவுக்கு வந்தார். பூரண நிலவன்று கல்லடிப் பாலத்தின் கீழே தோணியைக் கட்டி, துடுப்பை வாவிக்குள் இறக்கி, மறுமுனையை என் காதில் வைப்பார். "மூச்ச அடக்கிக்கிட்டுக் கேளு மகள்." மரத்தின் வழியே ஒரு மெல்லிய கூவல் வரும். தம்பூரா நரம்பை யாரோ தொலைவில் தொட்டது போல. மீன் பாடுது என்பார். கண்ணுக்குத் தெரியாத அடித்தண்ணீரைக் கையாலும் காதாலும் அறியலாம் என்று எனக்குக் காட்டியவர் அவர். அந்தச் சங்கிலி என் கைக்குப் புதிதாக இல்லை.

மாமிக்கு இதை முழுதாகச் சொன்னேன். "அப்ப உங்கட அப்பப்பா கூடவே வந்திருக்கார்" என்றா. ஓம் என்றேன்.

நேற்று மழை சற்று ஓய்ந்தது. பாலத்தடியில் மீன்பிடிக்கும் ஒரு அண்ணனைக் கேட்டு இவரையும் தோணியில் ஏற்றினேன். வாவி செம்மண் நிறத்தில் பெருகி ஓடுகிறது. வெள்ளம் வடிய முகத்துவாரம் வெட்டியாயிற்று, தண்ணீரெல்லாம் கடலுக்கு இழுக்கிறது. இவர் துடுப்பில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். ஓடும் தண்ணீரின் இரைச்சல் மட்டும்தான்.

"இப்ப கேக்காது தம்பி. வெள்ளம் வத்தி, தண்ணி தெளியணும். சித்திரப் பறுவத்துக்கு வாங்க" என்றார் அண்ணன்.

இவர் என்னைப் பார்த்தார். சித்திரைப் பறுவ நிலவுக்கு நாங்கள் லெரோஸில் படகின் அடிக்குச் சாயம் பூசிக்கொண்டிருப்போம்.