உருளைக்கிழங்கு பேட்டரி: கிழங்கு சரி, ஆணிதான் ஏமாற்றியது

மகளின் அறிவியல் கண்காட்சிக்காக உருளைக்கிழங்கு பேட்டரி செய்தோம். கிழங்குக்கு ஒரு ஆணி, ஒரு செம்புக் கம்பி என்று குத்தி, நான்கு கிழங்குகளையும் தொடராக, ஒன்றின் ஆணியை அடுத்ததன் கம்பியோடு, இணைத்தாகிவிட்டது. எல்இடி எரியவில்லை. இரண்டு மாலை இதிலேயே போனது.

ஹார்டுவேர் கடையில் ஜிங்க் பூசிய ஆணி என்று கேட்டுத்தான் வாங்கினேன். "எல்லா ஆணியும் ஒண்ணுதான் சார்" என்று சாதா இரும்பு ஆணியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால் ஒரு கிழங்கில் அரை வோல்ட்கூட இல்லை. ஜிங்க்கும் செம்பும் என்றால் 0.9 வோல்ட் அளவுக்கு வரவேண்டும். மறுபடி அலைந்து, வேறு கடையில் கூரை ஷீட்டுக்கு அடிக்கும் ஜி.ஐ. ஆணி, அதாவது ஜிங்க் பூசிய இரும்பு ஆணி, வாங்கினேன்.

அப்போதும் மீட்டர் அசையவில்லை. இந்த முறை கம்பி. மோட்டார் வைண்டிங் கம்பி பார்க்க வெறும் செம்பு போலவே இருக்கும், ஆனால் மேலே மின்சாரத்தைக் கடத்தாத இனாமல் பூச்சு உண்டு. உப்புத்தாளால் தேய்த்ததும் 0.87 காட்டியது. மகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

வெள்ளை எல்இடி வாங்காதீர்கள், அதற்கு 3 வோல்ட் வேண்டும். சும்மா அளக்கும்போது நான்கு கிழங்கும் சேர்ந்து 3.4 காட்டும். ஆனால் கிடைக்கும் மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால், விளக்கை இணைத்ததும் வோல்ட் இறங்கிவிடும். சிவப்புக்கு 1.8 போதும். அதன் நீளமான கால் செம்புப் பக்கம் வரவேண்டும். ஒரே கிழங்கில் நாலு ஜோடி குத்தினாலும் வோல்ட் அதிகமாகாது, கிழங்குகள் ஒன்றையொன்று தொடவும் கூடாது.

கடைசியில் கைகொடுத்தது வேகவைத்த கிழங்கு. எட்டு நிமிடம் வேகவைத்தால் உள்தடை (கிழங்குக்குள் மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை) குறைந்து திறன் பல மடங்கு கூடும் என்று ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் எழுதியிருந்தார்கள். எங்கள் விளக்கும் கண்ணுக்குத் தெரிகிற அளவு பிரகாசமானது. பகல் வெளிச்சத்தில் மங்காமலிருக்க, செருப்புப் பெட்டிக்குள் வைத்து ஓட்டை வழியாகக் காட்டினோம்.

கரண்ட் கிழங்கிலிருந்தா வருகிறது என்று நடுவர் கேட்டாராம். இல்லை, ஜிங்க் கரைவதால் வருகிறது, கிழங்கு அயனிகளுக்கு, அதாவது மின்னூட்டம் உள்ள துகள்களுக்கு, வழி மட்டும்தான் விடுகிறது என்று சொல்லி, ஆணியை உருவிக் காட்டியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தக் கிழங்கைப் பொரியலுக்கு எடுத்தார். மகள் ஓடிப்போய்ப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். ஜிங்க் கலந்த கிழங்கு, சாப்பிடவே கூடாது.