ராத்திரி ரிலீஸை மதியத்துக்கு மாற்றிய கதை

பாளையங்கோட்டையில் இருக்கும் எங்கள் சின்ன நிறுவனம் பலசரக்கு மொத்தக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறது. திருநெல்வேலி டவுன், பாவூர்சத்திரம், தென்காசி, சங்கரன்கோவில் என்று சுற்றுவட்டாரக் கடைகள்தான் வாடிக்கையாளர்கள். சர்வர் மும்பையில், கிளவுடில் இருக்கிறது. கடைக்காரர்கள் பிரவுசரில் பில் போடுவார்கள். பிரிண்டரோடு பேசுவதற்கு மட்டும் ஒரு குட்டி புரோகிராம் கடைக் கம்ப்யூட்டரில் ஓடும். இங்கே டெவ்ஆப்ஸ் முறைகளை (கோட் எழுதுவதையும் அதை சர்வரில் ஏற்றி ஓட்டுவதையும் ஒரே ஓட்டமாக, முடிந்தவரை தானாக நடக்கச் செய்யும் முறைகள்) கொண்டுவந்தபோது எது உதவியது, எது வீண் வேலை என்று எழுதி வைக்கிறேன். எங்களைப் போன்ற சிறிய டீம்களுக்குப் பயன்படலாம்.

முன்பெல்லாம் மாதம் ஒரு ரிலீஸ். கடை அடைத்து, கணக்கு முடித்து, ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் ஆரம்பிப்போம். மாதம் முழுக்க ஆளாளுக்கு எழுதியதை ஒன்றாக மெர்ஜ் செய்து மொத்தமாக ஏற்றுவோம். விடிந்து கடை திறந்ததும் போன் வரும். "நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு தம்பி, ராத்திரி என்னத்தப் போய்த் தொட்டிய?" என்பார் அண்ணாச்சி. நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்ல முடியாது. ஒரே ராத்திரியில் இத்தனை மாற்றங்கள் உள்ளே போனால் கோளாறு எதில் என்று யாருக்குத் தெரியும்?

இன்னொரு சங்கடம், ரிலீஸுக்கான பில்டு, அதாவது எழுதிய கோடை ஓடக்கூடிய புரோகிராமாகத் தொகுப்பது, எங்கள் சீனியர் அண்ணனின் லேப்டாப்பில் மட்டும்தான் ஒழுங்காக வரும். அவர் ஊர்க் கோவில் கொடைக்குப் போய்விட்டால் அந்த வாரம் ரிலீஸ் கிடையாது. சித்திரை வந்தால் அவருக்கு ஒரு கோவில் இல்லை, சொந்தக்காரர்கள் ஊரெல்லாம் கொடை. அதனால் முதல் வேலையாக அந்த லேப்டாப்பை நம்பியிருப்பதை நிறுத்தினோம். பில்டுக்கு வேண்டியதையெல்லாம் பட்டியல் போடும் டாக்கர் ஃபைல் ஒன்றை எழுதி, வெறும் மெஷினில் பில்டு வருகிறதா என்று பார்த்தோம். வரவில்லை. யாரோ எப்போதோ இறக்கிய ஒரு ஜார் ஃபைல் (ஜாவா கோட் தொகுப்பு) அவருடைய மெஷினில் மட்டும் இருந்தது. இந்திய நேரத்தை மெஷினே கொடுத்துவிடும் என்று நம்பி எழுதிய கோட் அங்கங்கே இருந்தது. ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து, கோடின் எல்லா மாற்றங்களையும் சேமித்து வைக்கும் கிட்டுக்குள் (Git) கொண்டுவந்தோம். வெளியே பெருமையாகக் காட்ட ஒன்றுமில்லாத வேலை. ஆனால் பின்னால் செய்த எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.

அப்புறம் கிட்லாப் பைப்லைன்: கோட் மாறும்போதெல்லாம் பில்டு, டெஸ்ட் எல்லாவற்றையும் வரிசையாகத் தானே செய்யும் ஏற்பாடு. அதை ஓட்டும் ரன்னரை முதலில் ஆபீஸில் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டரில் வைத்தோம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் போகும் நாளில், யூபிஎஸ் தீர்ந்ததும் பைப்லைனும் படுத்துவிடும். கிளவுடில் ஒரு சிறிய மெஷின் எடுத்து அங்கே மாற்றினோம். இதில் எழுத வேறொன்றும் இல்லை. கருவிகளை நிறுவுவது இந்த வேலையிலேயே எளிதான பகுதி.

கஷ்டம் டெஸ்டில் இருந்தது. எங்களிடம் ஆட்டோமேட்டிக் டெஸ்ட் என்று ஒன்றுமே கிடையாது. இருக்கிற கோட் முழுவதற்கும் டெஸ்ட் எழுதுவது என்று உட்கார்ந்தால் அடுத்த தேர்தல் வந்துவிடும். எங்கள் டெஸ்டர் அக்காதான் வழி சொன்னார்: "பழைய பில்லையே எடுத்துப் போட்டுப் பாருங்க. புது கோடும் அதே தொகையைக் காட்டணும், அவ்வளவுதானே?" அவரே பழைய பில்களில் வில்லங்கமானவற்றைப் பொறுக்கி எடுத்தார். கேரளாவில் கொல்லத்துக்குச் சரக்கு போனதால் ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனைக்கான ஜிஎஸ்டி) விழுந்த பில், பாதி சரக்கு திரும்பி வந்த பில், தள்ளுபடிக்குப் பிறகு பைசா ரவுண்டு ஆகும்போது மத்திய அரசுக்கான சிஜிஎஸ்டியும் மாநில அரசுக்கான எஸ்ஜிஎஸ்டியும் ஒரு பைசா வித்தியாசப்பட்ட பில். கடைப் பெயர்களை நீக்கிவிட்டு இவற்றையே டெஸ்ட் ஆக்கினோம். கோடை யார் மாற்றினாலும் பைப்லைன் இந்தப் பில்களை மறுபடி போட்டுப் பார்க்கும். ஒரு தொகை மாறினாலும் சிவப்பு. கோடின் ஒவ்வொரு வரிக்கும் டெஸ்ட் எழுதுவதைவிட எங்கள் தொழிலுக்கு இதுதான் பொருத்தம் என்பது என் கருத்து.

முதலாளியைச் சம்மதிக்க வைப்பது தனிக் கதை. 'இப்ப என்ன குறைச்சல்?' என்று கேட்டார். அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் கதையைச் சொன்னேன். பங்குச் சந்தையில் தானாகவே ஆர்டர் போடும் நிறுவனம் அது. 2012 ஆகஸ்ட் 1 அன்று புது கோட் எட்டு சர்வர்களில் ஏழுக்கு மட்டும் போயிருந்தது. விடுபட்ட ஒன்றில் பழைய கோட் விழித்துக்கொண்டு கண்டபடி ஆர்டர் போட்டதில், முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்மகிட்ட எட்டு சர்வரே இல்லையேடே" என்றார். சரி, இது எடுபடாது என்று, ராத்திரி ரிலீஸுக்கு மறுநாள் சப்போர்ட்டுக்கு வரும் போன்களை மட்டும் குறித்துக் காட்டினேன். அது எடுபட்டது.

ரிலீஸைச் சின்னச் சின்னதாக உடைக்க ஆரம்பித்தபோது இடித்தது டேட்டாபேஸ். கோடைப் பழையபடி திருப்பிவிடலாம், டேபிளில் அழித்த காலத்தை (column, நெடுவரிசை) திருப்ப முடியாது. டேட்டாபேஸ் மாற்றங்களை வரிசையாக ஓட்டும் ஃப்ளைவே என்ற கருவியைப் போட்டு ஒவ்வொரு மாற்றத்தையும் எண்ணிட்ட எஸ்கியூஎல் ஃபைலாக்கினோம். காலத்தின் பெயரை மாற்றுவதைக்கூட ஒரே ரிலீஸில் செய்வதில்லை என்று முடிவானது. முதல் ரிலீஸில் புதுக் காலம் சேரும், கோட் இரண்டிலும் எழுதும். அடுத்ததில் புதியதிலிருந்து வாசிக்கும். பழையதை யாரும் தொடுவதில்லை என்று உறுதியான பிறகுதான் நீக்கம். 'ஒரு காலத்துக்கு மூன்று ரிலீஸா' என்று ஜூனியர் பையன்கள் முனகினார்கள். ஆனால் இப்படிச் செய்தால்தான் எந்தக் கட்டத்திலும் முந்தைய வெர்ஷனுக்குத் திரும்ப முடியும். சர்வரில் அப்ளிகேஷனின் இரண்டு பிரதிகளை வைத்தோம். புதியது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கும் ஹெல்த் செக்கில் தேறினால், கடைகளிலிருந்து வருவதை வாங்கி அனுப்பும் என்ஜின்எக்ஸ் அந்தப் பக்கம் திரும்பும், தகராறு என்றால் பழைய பக்கத்துக்கே வந்துவிடும். கோளாறு இல்லாத நாளிலும் வேண்டுமென்றே அப்படித் திருப்பிப் பழகினோம். பல சர்வர்களில் அப்ளிகேஷன்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸ் பற்றி ஒரு வாரம் வாய் கிழியப் பேசிவிட்டு விட்டுவிட்டோம். எங்கள் அளவுக்கு அது தேவையில்லை.

இதற்கெல்லாம் பரீட்சை 2025இல் வந்தது. செப்டம்பர் 3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் புது வரி விகிதங்களை அறிவித்தது. 22ஆம் தேதி திங்கள்கிழமை முதல் அமல். 12, 28 சதவீத அடுக்குகள் போய், பெரும்பாலான பொருட்கள் 5 அல்லது 18க்குள் வந்தன. நெய் 12இலிருந்து 5. சோப்பு, ஷாம்பு, பற்பசை 18இலிருந்து 5. மொத்தக் கடை என்றால் ஆயிரக்கணக்கான அயிட்டம். பழைய முறையில் என்றால் ஞாயிறு நள்ளிரவில் சர்வர் முன்னால் உட்கார்ந்திருப்போம்.

இந்த முறை, வரி விகிதத்தோடு 'எந்தத் தேதியிலிருந்து' என்பதையும் சேர்த்து வைக்கும் மாற்றத்தை வெகு முன்னதாகவே ஏற்றிவிட்டோம். கோட் சர்வரில் இருந்தது, ஆனால் பில் பழைய விகிதத்திலேயே விழுந்தது. டிப்ளாய் செய்வது (கோடை சர்வரில் ஏற்றுவது) வேறு, வாடிக்கையாளருக்குத் திறந்துவிடுவது வேறு என்பது எங்களுக்கு முழுசாகப் பிடிபட்டது அப்போதுதான். பிறகு நாளுக்கொன்றாகச் சின்னச் சின்ன ரிலீஸ்: அயிட்டம் பட்டியல், ரிப்போர்ட், திரும்பி வந்த சரக்குக்குப் பணத்தைக் கழித்துக் கொடுக்கும் கிரெடிட் நோட். கிரெடிட் நோட்டில்தான் வில்லங்கம். 20ஆம் தேதி விற்ற சோப்பு 25ஆம் தேதி திரும்பி வந்தால், அதற்குப் பழைய பில்லில் போட்ட 18 சதவீதத்தைத்தான் கழிக்க வேண்டும், புது 5 சதவீதத்தை அல்ல. அக்காவின் பழைய பில்களில் திரும்பி வந்த சரக்கும் இருந்ததால் பைப்லைனே இதைப் பிடித்துக் கொடுத்தது. 22ஆம் தேதி காலையில் போன் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். 'பழைய எம்ஆர்பி போட்ட ஸ்டாக்கை என்ன செய்ய?' என்றுதான் கேட்டார்கள். சாஃப்ட்வேரைப் பற்றி யாரும் பேசவில்லை.

இப்போது ரிலீஸ் மதியம் மூன்று மணிக்கு. சாப்பாடு முடிந்து கடைகள் சற்று ஓய்ந்திருக்கும், எங்கள் ஆட்களும் எல்லோரும் ஆபீஸில் இருப்பார்கள். அலர்ட்டுகளையும் குறைத்துவிட்டோம். முதலில் சிபியூ, மெமரி என்று எல்லாவற்றுக்கும் டெலிகிராமில் மணி அடிக்க, ஆளாளுக்கு குரூப்பையே மியூட் செய்துவிட்டார்கள். இன்று பில் சேவ் ஆகவில்லை, பிரிண்ட் போகவில்லை, ஸ்கிரீன் திறக்க நேரமாகிறது என்று கடைக்காரருக்கு உறைக்கும் விஷயத்துக்கு மட்டும்தான் அலர்ட்.

இன்னும் தீராதது அந்த பிரிண்டர் புரோகிராம். மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே கைவிட்ட விண்டோஸ் 7 எங்கள் கடைகள் பலவற்றில் இன்றும் ஓடுகிறது. அதனால் புது வெர்ஷனை எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்புவதில்லை. முதலில் வண்ணார்பேட்டையில் சம்மதம் சொன்ன ஓர் அண்ணாச்சியின் கடை. இரண்டு நாள் சத்தமில்லை என்றால், பிரச்சினை வந்தால் பைக்கில் போய்ச் சேரக்கூடிய பாளையங்கோட்டை, டவுன் கடைகள். தென்காசியும் சங்கரன்கோவிலும் கடைசி. புரோகிராமே இல்லாமல் பிரவுசரிலிருந்து நேராக பிரிண்ட் எடுக்க முடியுமா என்று ஒரு ஜூனியர் பார்த்துக்கொண்டிருக்கிறான். லேசர் பிரிண்டரில் வருகிறது, டாட் மேட்ரிக்ஸில் எழுத்து வரி மாறி விழுகிறது.