அந்த மூலைக்கு என்ன மரம்

2019 ஏப்ரல் 18, வியாழன்

ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பும்போது மணி பதினொன்று. தெருவில் ஒதுங்க ஒரு நிழல் இல்லை. வார்தா புயலுக்கு முன் இந்தத் தெருவை மூடிக்கொண்டு நின்ற மரங்களில் பெரும்பாலானவை 2016 டிசம்பர் 12 அன்று ஒரே பகலில் சாய்ந்தன. எங்கள் குல்மோகரும் அன்றைக்குத்தான் போனது. வடகிழக்கு மூலை அதிலிருந்து காலி.

கால் எலும்பு முறிந்து கட்டிலோடு இருக்கும் அத்தைக்குக் கோபம். வாக்கரோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாமாம். "எழுபத்தெட்டு வயசுல ஒரு ஓட்டு வீணாப் போச்சு" என்று இதுவரை மூன்று பேரிடம் போனில் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 21

கிணற்றில் வாளி தரையில் இடிக்கிறது.

ஏப்ரல் 26, வெள்ளி

வங்கக் கடலில் தாழ்வு மண்டலமாம். புயலாகி 30-ஆம் தேதி வாக்கில் நம் கரைப் பக்கம் வரலாம் என்று டிவியில் படம் போட்டுக் காட்டினார்கள். சமையலறையில் நின்றபடியே கும்பிட்டேன். புயலுக்குப் பயந்து ஜன்னலுக்குக் கயிறு கட்டிய அதே கைகள்.

போன வருஷ வடகிழக்குப் பருவமழை சென்னைக்குப் பாதிகூடப் பெய்யவில்லை. இந்த ஊருக்கு வருஷ மழையில் பெரும்பங்கு அந்த மூன்று மாதத்தில்தான். அது ஏமாற்றினால் அடுத்த ஐப்பசிவரை கையைப் பிசைய வேண்டியதுதான்.

ஏப்ரல் 30

ஃபானி வடக்கே திரும்பிவிட்டது. ஒரு துளி இல்லை. காற்றிலிருந்த ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது போலிருக்கிறது. பிற்பகலில் மேற்கிலிருந்து அனல்.

மே 4, சனி

நேற்று பூரி பக்கம் கரையைக் கடந்தது. அங்கே இருப்பவர்களை டிவியில் பார்த்தபோது, நான் அதற்காகக் கும்பிட்டேன் என்பதே கூச்சமாக இருந்தது. இன்று அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது.

எந்தச் செடிக்குத் தண்ணீர், எதற்கு இல்லை என்று முடிவு செய்தாக வேண்டும். போர் தண்ணீர் மஞ்சளாக, உப்பாக வருகிறது. அது வேம்புக்கும் நொச்சிக்கும் ஒன்றும் செய்யாது. ரோஜாவின் இலை ஓரம் கருகிவிட்டது. ரோஜாவுக்கு இனி இல்லை. சொல்லிவிட்டேன், யாரிடம் என்று தெரியாமல். புல்தரை போட ஆசைப்பட்ட காலம் ஒன்று உண்டு. நல்லவேளை, இவர் அப்போது காசில்லை என்று சொல்லிவிட்டார்.

வாஷிங் மெஷின் தண்ணீர் வாழைக்கும் கல்வாழைக்கும். அதுவும் ஒரே இடத்தில் தினமும் விடக்கூடாது. சோப்பிலிருக்கும் சோடியம் களிமண்ணை இறுக்கிவிடும், அப்புறம் மழையே பெய்தாலும் உள்ளே இறங்காது. மடிப்பாக்கம் மண் ஏற்கெனவே களி. ஆர்ஓ கழிவுநீர் பாத்திரம் கழுவ. ஏசியிலிருந்து சொட்டுவதில் உப்பே இல்லை, அது கறிவேப்பிலைத் தொட்டிக்கு. அரிசி கழுவியது மல்லிகைக்கு.

மல்லிகை என் கணக்கில் இல்லாத செடி. இந்த வெயிலில் அதற்குக் கொடுப்பது நியாயமே இல்லை. ஆனால் அத்தையின் கட்டிலிலிருந்து தெரிவது அது ஒன்றுதான்.

மே 6

பிசியோ பெண் வந்தாள். அத்தை நான்கு அடி நடந்தார், வாக்கர் இல்லாமல் அரை அடி. நான் கைதட்டியது பிடிக்கவில்லை.

மே 9, வியாழன்

வாட்ஸ்அப்பில் யாரோ "கோடையைத் தாங்கும் பத்துச் செடிகள்" என்று அனுப்பியிருக்கிறார்கள். கற்றாழை, கள்ளி வகைகள், அடினியம், இன்னும் என்னென்னவோ. படத்தில் எல்லாம் வெள்ளைக் கூழாங்கல் மேல் அழகாக நிற்கின்றன. எரிச்சல்தான் வந்தது.

இவர்கள் மே மாதத்தை மட்டும் பார்க்கிறார்கள். 2015 டிசம்பரில் இதே வாசலில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், வடியவே பல நாள் ஆனது. வாசலோரக் கற்றாழை முழுக்க அழுகி வழிந்தது. பப்பாளி இரண்டே நாளில் இலை தொங்கிச் செத்தது, அதன் வேருக்குத் தேங்கிய தண்ணீர் ஆகவே ஆகாது. அடுத்த வருஷமே வார்தா. முருங்கை கிளை கிளையாக முறிந்தது, வாழை படுத்தது. அதற்கடுத்துப் பஞ்சம், இதோ. பருவம் மாறுகிறது என்றால் வெயில் கூடுகிறது என்று மட்டும் எடுத்துக்கொள்வது யாருடைய ஊர்க் கணக்கோ. எங்கள் தெருக் கணக்கில் ஒரே மரம் மேயில் காயவேண்டும், நவம்பரில் ஊறவேண்டும், டிசம்பரில் காற்றுக்கு நிற்கவேண்டும். மூன்றையும் தாங்குவது எது என்று எந்தப் பட்டியலிலும் இல்லை.

யோசித்துப் பார்த்தால் தாங்கியவை நம் கண்ணெதிரில்தான் இருக்கின்றன. நொச்சி வேலி வெள்ளத்திலும் நின்றது, இப்போதும் பச்சை. வெட்டிவேரை அப்பா எப்போதோ ஒரு சாக்கில் வைத்தார், அது பாட்டுக்கு இருக்கிறது. தெருமுனைப் புங்கை வார்தாவில் ஒரு கிளை இழந்தது, அவ்வளவே.

அந்த மூலைக்குப் புங்கையா?

மே 10

அத்தையிடம் புங்கை என்றேன். "அது ரோட்டுல வைக்கற மரம். குல்மோகரே வை, சிவப்பா இருந்துது." குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது, வேர் மேலாக ஓடும், குடை அகலம், காற்று பிடித்தால் அப்படியே பெயரும், அதோடு சாக்கடை வெட்டும்போது ஒரு பக்க வேரை நறுக்கியும் விட்டார்கள் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு "சிவப்பா இருந்துது" என்றார்.

மே 12

அத்தை சாப்பிடவில்லை. பேசவும் இல்லை.

மே 17, வெள்ளி

லாரி இரவு ஒன்றரைக்கு வந்தது. "அக்கா, முழு லோடு கேக்காதீங்க, பாதிதான் இருக்கு." பாதி லோடுக்கு முழுக் காசு. சம்ப்பில் விழும் சத்தம் கேட்டு அத்தை விழித்துக்கொண்டு மழையா என்று கேட்டார்.

மே 23

எல்லார் வீட்டிலும் டிவி அலறுகிறது, ரிசல்ட். நான் தென்னைமட்டையைக் கொத்திக்கொண்டிருந்தேன். காய்ந்த இலை, மட்டைத்தூள், கரும்புச் சக்கை, எது கிடைத்தாலும் அடியில் மூடாக்கு. அரை அடி உயரத்துக்குப் போட்ட இடத்தில் விரலை விட்டால் குளுமை. வெறும் மண் கை வைக்க முடியாமல் சுடுகிறது. மாவிலையைப் பெருக்கி எரிக்கும் எதிர்வீட்டு சாரிடம் கேட்டு ஒரு சாக்கு வாங்கிவந்தேன். "குப்பையப் போய் கேட்டு வாங்கறியேம்மா" என்று சிரிக்கிறார்.

மே 31

2003-இல் இதே தேதியில்தான் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. சின்னவள் அப்போது கைக்குழந்தை. ஈரத்துணி கட்டித் தூங்கவைத்த ஞாபகம் அத்தைக்குத் துல்லியமாக இருக்கிறது. நேற்று என்ன சாப்பிட்டார் என்பது இல்லை.

ஜூன் 8, சனி

தக்காளியைப் பிடுங்கிவிட்டேன். பூ பூவாகப் பூத்தது, ஒன்றும் பிடிக்கவில்லை. பகல் 35-ஐத் தாண்டி இரவும் இறங்காமல் இருந்தால் மகரந்தம் வேலை செய்யாது, பூ உதிரும். தண்ணீர் ஊற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை. இனி தக்காளி கார்த்திகைக்கு அப்புறம்தான். கோடைக்குக் கொத்தவரையும் வெண்டையும் தண்டுக்கீரையும் போதும்.

எதிர்வீட்டில் முற்றம் முழுக்க டைல்ஸ் பதிக்கிறார்கள். மாமரத்தைச் சுற்றி ஒரு தட்டு அளவுக்கு மண் விட்டிருக்கிறது. தூசி வராதாம், சுத்தமாம். மழை பெய்தால் அந்தத் தண்ணீர் முழுக்க நம் வாசலுக்கு வரும். இப்போது வந்தால் நல்லதுதான் என்று இவர் ஜோக் அடிக்கிறார்.

ஜூன் 13, வியாழன்

அத்தையை எக்ஸ்ரேக்குக் கூட்டிப்போனோம். எலும்பு சேர்ந்திருக்கிறது, ஆனால் அந்தக் காலில் எடை போடப் பயப்படுகிறார். வரும் வழியில் சர்தார் படேல் சாலை சிக்னலில் ஆட்டோ வெகுநேரம் நின்றது. சுவருக்கு அந்தப்புறம் கிண்டிக் காடு. மேலே மரமெல்லாம் தூசி படிந்து நின்றாலும் இலை தொங்கவில்லை. யார் அதற்கு லாரித் தண்ணீர் விட்டது? காயா, வீரை, உசில், வெப்பாலை என்று இந்தக் கடற்கரைச் சமவெளியின் உலர் காட்டு இனங்கள். காயா, வீரைக்கெல்லாம் இலை சின்னது, தடிப்பு, பளபளப்பு. வளர்வது மெதுவாக. நர்சரியில் கேட்டால் "அது எதுக்கு மேடம், யாரும் வாங்கமாட்டாங்க" என்பார்கள். விற்பனைக்கு வசதியானது வேகமாக வளரவேண்டும், பூக்கவேண்டும், எங்கிருந்தோ வந்ததாக இருக்கவேண்டும்.

காயாவின் நீலப்பூவை அத்தைக்குக் காட்ட முடிந்தால் வாதத்தில் ஜெயித்துவிடலாம். ஆனால் அது மரமாகி நிழல் தருவதற்குள் நானே வாக்கரில் நடப்பேன்.

ஜூன் 16

மூலை. மூலை. மூலை. நாவல்? தேங்கிய தண்ணீரைத் தாங்கும், வேர் பிடித்தபின் வறட்சியையும். ஆனால் மதிலுக்கு அருகில் அவ்வளவு பெரிய மரம்? சரக்கொன்றைக்கு ஊறல் ஆகாது. வேம்பு தெருவெல்லாம் இருக்கிறது, ஒரே இனத்தை எல்லாரும் வைத்தால் ஒரு நோய் போதும்.

இரவு இரண்டு மணிக்கு இதை எழுதிக்கொண்டிருப்பவளுக்குத் தூக்க மாத்திரைதான் வேண்டும், மரம் இல்லை.

ஜூன் 20, வியாழன்

மழை!

ஜூன் 21

ஆறு மாதத்துக்கு மேல் ஆனபின் முதல் மழை. எதிர்வீட்டு டைல்ஸிலிருந்து நுரையோடு ஓடிவந்தது, இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மண்வெட்டியால் வாய்க்கால் கீறி அதை அப்படியே வெட்டிவேர் பக்கம் திருப்பினேன். மூடாக்கு போட்ட பாத்தியில் உள்ளங்கை ஆழத்துக்கு ஈரம், வெறும் தரையில் விரல் நுனிகூட இறங்கவில்லை. கிணற்றுக்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் அத்தை இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூன் 27

துளைவிட்ட மண்பானை என்று கேட்டு அலைந்ததற்குக் கடைக்காரர், சாதா பானையே கசியும், கொண்டுபோங்க என்றார். சுட்டதுதான், ஆனால் வர்ணம் பூசாதது. கத்தரிப் பாத்தியில் கழுத்துவரை புதைத்து, நிரப்பி, மூடிபோட்டாயிற்று. வேர் தேடிப்போய் உறிஞ்சிக்கொள்ளுமாம்.

ஜூலை 12, வெள்ளி

ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்துவிட்டது. ஐம்பது வேகன், 25 லட்சம் லிட்டர். வில்லிவாக்கத்தில் வரவேற்கிறார்கள். அத்தை டிவி முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு என்னவோ அழுகை வந்தது. காவிரித் தண்ணீரை மணிக்கணக்கில் ரயிலில் ஏற்றி வரவேண்டிய ஊரில் நான் ரோஜாவைக் கணக்கில் எடுக்கவில்லை என்று கவலைப்பட்டிருக்கிறேன்.

ஜூலை 14

மழைநீர்த் தொட்டியைத் திறந்து தூர்வாரினோம். 2003 சட்டத்தின்போது மாமா கட்டியது. ஜல்லி, மணல், கரி எல்லாம் சேறாகி ஒட்டிக்கொண்டிருந்தது. ஆள் கூலி அதிகம், ஆனாலும் மொட்டைமாடிக் குழாய் இனி நேராகக் கிணற்றுக்கு.

ஜூலை 21, ஞாயிறு

அத்தை தானாகவே எழுந்து வாசற்படிவரை வந்தார். நாற்காலி போட்டேன். வெகுநேரம் மூலையைப் பார்த்துவிட்டு, "பூவரசு வைக்கலாமே" என்றார்.

எனக்குத் தோன்றவே இல்லை. "சீர்காழில வாய்க்கால் கரை பூரா பூவரசுதான். தண்ணி நின்னா நிக்கும், வத்தினாலும் நிக்கும். புயல்ல எங்க வீட்டு ஓடு பறந்துது, அது பறக்கலை." அப்புறம் இலையில் பீப்பி செய்வது, கொழுக்கட்டை வேகவைப்பது என்று அரைமணிநேரம் பேசினார். கடலோர மரம், உப்பையும் தாங்கும். பூ மஞ்சளாக விரிந்து வாடும்போது சிவக்கும். சிவப்பு! வேண்டுமென்றே கடைசியில் சொன்னாரா என்று சந்தேகம்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பெருக்கு. சித்திரான்னம் செய்தேன், கிணற்றடியில் வைத்துக் கும்பிட்டோம். கிணற்றில் பெருக்கு இல்லை என்றாலும்.

எதிர்வீட்டு சார் அவர் தங்கை வீட்டுப் பூவரசிலிருந்து கைகனத்தில் ஒரு போத்து வெட்டித் தருகிறேன் என்கிறார், நட்டால் ஒரே வருஷத்தில் ஆளுயரமாம். வேண்டாம் என்றேன். போத்தில் வளர்வதற்கு ஆணிவேர் கிடையாது. வேலிக்குச் சரி, வீட்டுக்குப் பக்கத்தில் புயல் ஊரில் எனக்கு விதைக்கன்றுதான் வேண்டும். முகம் சுருங்கிவிட்டது.

ஆகஸ்ட் 8

கிழக்குக் கடற்கரைச் சாலை நர்சரி. பெரிய கன்று ஆறடி, பார்க்க நன்றாக இருக்கிறது. பையின் அடியைத் தடவினால் வேர் சுருண்டு சுருண்டு கயிறாகிவிட்டிருக்கிறது. அப்படியே நட்டால் மண்ணில் பரவாமல் அந்தச் சுருளிலேயே நிற்கும், பெரிய காற்றில் அடியோடு சாயும். ஒன்றரை அடிக் கன்று ஒன்றை எடுத்தேன். "இதா மேடம்? பாதி விலைதானே" என்று நர்சரிக்காரருக்கே ஏமாற்றம். இருந்த கன்றில் ஒரு இலை பழுப்பு, வேறு கொண்டுவந்து தருகிறேன் என்றார்.

ஆவணியில் சாயங்கால இடிமழை கிடைக்கும்போது நட்டால், ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் ஓடிவிடும். மூலை தாழ்வாக இருப்பதால் முதலில் முக்கால் அடி மேடு கட்டவேண்டும்.

ஆகஸ்ட் 14, புதன்

மேடு கட்டியாயிற்று. அத்தைக்கு ராத்திரியிலிருந்து காய்ச்சல், குளிர் உதறல். டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்திருக்கிறார், ரிசல்ட் மாலைக்குள் வரும். கன்று வந்துவிட்டது, இன்றே அனுப்பட்டுமா என்று நர்சரியிலிருந்து போன். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன். பிசியோ பெண்ணையும் வரவேண்டாம் என்று சொல்லவேண்டும்.