என்னைக் குளிப்பாட்டுபவரை நானே தேர்ந்தெடுத்தேன்

தசைச்சிதைவு நோயால் எட்டு ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். வசிப்பது சிட்னியில், என்.டி.ஐ.எஸ். என்ற ஆஸ்திரேலிய அரசின் மாற்றுத்திறனாளர் காப்பீட்டுத் திட்டத்தில் நிதி கிடைக்கிறது. ஆனாலும் மறுநாள் காலை என்னைக் குளிப்பாட்ட யார் வருவார் என்பது எனக்குத் தெரியாது. ஒரு நிறுவனம் ஆள் அனுப்பும். ஆறு வாரத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் உடை களைந்து, முழங்காலை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒருநாள் கதவைத் திறந்தால் ஓர் ஆண் நின்றார். அவர்மேல் குற்றமில்லை, அவரிடமும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அன்று நான் குளிக்கவில்லை. சுயேச்சைப் பணியாளர் ஒருவரை நானே அமர்த்திக்கொள்வது என்று அன்றுதான் முடிவெடுத்தேன்.

முதல் தடை என் என்.டி.ஐ.எஸ். திட்டத்திலேயே இருந்தது. நிதியை அரசு முகமை நிர்வகிக்கும்வரை, பதிவு பெற்ற நிறுவனங்களிடம் மட்டுமே சேவை பெற முடியும். நாமே நிர்வகித்தால், அல்லது நமக்காகக் கணக்குகளைத் தீர்க்கும் திட்ட மேலாளரிடம் ஒப்படைத்தால், பதிவு பெறாத தனிநபரையும் அமர்த்தலாம். நான் மேலாளரைத் தேர்ந்தெடுத்தேன். அவருக்கான கட்டணம் தனியாக ஒதுக்கப்படுகிறது. என் பராமரிப்பு மணிநேரம் குறையாது. ஆனால் இந்த வழியில் அரசின் விலை வரம்பு உண்டு: 2025 ஜூலையில் வார நாள் பகல் வேலைக்கு அது மணிக்கு 70.23 டாலராக இருந்தது. பலர் அதையே கூலி என்று நினைக்கிறார்கள். அது உச்சவரம்பு மட்டுமே, பேசலாம். நாங்கள் 62 டாலருக்கு ஒத்துக்கொண்டோம்.

"அன்பும் பொறுமையும் உள்ள பெண் தேவை" என்று முதலில் விளம்பரம் எழுதினேன். பதில்கள் குவிந்தன, ஆனால் தூக்கும் கருவியைக் கையாளத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. திருத்தி எழுதினேன்: காலை 7 முதல் 9 வரை, வாரம் ஐந்து நாள், கருவியால் தூக்கிக் குளிப்பாட்ட வேண்டும், பெண்கள் மட்டும். நான்கு பேர் எழுதினார்கள். இருவரை நூலகத்தில் சந்தித்தேன்; முன்பின் தெரியாதவரை முதல் சந்திப்பிலேயே வீட்டுக்கு அழைக்க எனக்கு மனமில்லை.

ஒருவர் என் நோயைப் பற்றிக் கேட்டார். இன்னொருவர், "எந்தப் பக்கம் சாய்ந்தால் உங்களுக்கு வலிக்கும்?" என்று கேட்டார். இரண்டாமவரைத்தான் அமர்த்தினேன்.

அதற்குமுன் காகிதங்களைப் பார்த்தேன். ஏ.பி.என். என்னும் ஆஸ்திரேலிய வணிக எண்ணை அரசின் இணையப் பதிவேட்டில் சரிபார்த்தேன். என்.டி.ஐ.எஸ். பணியாளர் பின்னணிச் சோதனைச் சான்று, முதலுதவிச் சான்று, காப்பீடு மூன்றும் கேட்டேன். பதிவு பெறாதவருக்குச் சோதனைச் சான்று கட்டாயமில்லை என்று சிலர் சொல்வார்கள். கேட்கும் உரிமை நமக்கு உண்டு. தயங்காதீர்கள், இது உங்கள் உடம்பு.

ஏ.பி.என். இருப்பதாலேயே ஒருவர் சுயதொழில் செய்பவராகிவிட மாட்டார் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. வேலை நடக்கும் முறையைப் பொறுத்து அவர் நம் ஊழியராகவே கருதப்படலாம்; அப்படியானால் ஓய்வூதிய நிதியும் வேலையிட விபத்துக் காப்பீடும் நம் பொறுப்பு. சுயதொழில் ஒப்பந்தக்காரருக்கும் ஓய்வூதிய நிதி செலுத்த வேண்டிய சூழல் உண்டு. கையெழுத்திடும் முன்பே வரி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். தமிழில் பேச வேண்டுமானால் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார்.

ஒப்பந்தம் இரண்டு பக்கம்தான். நேரம், கூலி, எவ்வளவு முன்னதாகச் சொல்லி ரத்து செய்யலாம், வீட்டுச் சாவி யாரிடம், என்னைப் படம் எடுக்கக் கூடாது. கடைசி வரியை எழுதும்போது கூச்சமாக இருந்தது. அவர் படித்துவிட்டு, "இதை முதல் வரியாகப் போடுங்கள் அக்கா" என்றார்.

மூன்றாவது மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மாற்று ஆள் இல்லை. என் தங்கை வேலைக்கு விடுப்புப் போட்டு ஓடி வந்தாள். நிறுவனம் என்றால் யாரையாவது அனுப்பியிருக்கும், அதை நான் மறுக்கவில்லை. அதனால் நூலகத்தில் சந்தித்த அந்த முதல் பெண்ணை மீண்டும் அழைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை வருகிறார். முழங்காலைப் பிடிக்கும் விதத்தை இந்த முறை நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது என்னிடம் வேலை செய்பவரே அவருக்குக் கற்றுத்தருவதாகச் சொல்லியிருக்கிறார்.