என் காரின் மூச்சுக்குழாய்

9 மார்ச் 2024, சனி

இன்று பெங்களூர் ஜே.சி. ரோடில் நான்கு கார் உதிரிபாகக் கடைகள் ஏறி இறங்கினேன். ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டியான ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டுக் கோன் வடிவ ஓப்பன் ஃபில்டரை மாட்டினால் பத்துக் குதிரைத்திறன் கூடும் என்று ஒரு கடைக்காரர் உறுதியாகச் சொன்னார். பணம் கொடுப்பதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று அல்சூருக்கு வெறுங்கையோடு திரும்பினேன்.

என்னுடையது டர்போ இல்லாத 1.6 லிட்டர் பெட்ரோல் கார். ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும் என்பதால், நிமிடத்துக்கு 6,000 சுற்றில் அதற்கு 4,800 லிட்டர் காற்று வேண்டும். சிலிண்டர்கள் முழுமையாக நிரம்புவதில்லை என்பதைக் கழித்தால் சுமார் 4,300 லிட்டர். ஆனால் கடல் மட்டத்துக்கு 920 மீட்டர் மேலே இருக்கும் பெங்களூரில் காற்றழுத்தமே கடற்கரையைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. இதே கார் சென்னை அருகேயுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் 38 டிகிரி வெயிலில் ஓடினாலும், இங்கே 27 டிகிரியில் இழுப்பதைவிட ஏறத்தாழ ஏழு சதவீதம் அடர்த்தியான காற்றை இழுக்கும். இந்த உயரத்தால் குறைவதை எந்த ஃபில்டரும் ஈடுசெய்யாது. இப்போதிருக்கும் ஃபில்டர் எவ்வளவு தடுக்கிறது என்பதை மட்டுமே நான் கண்டுபிடிக்க வேண்டும்.

17 மார்ச், ஞாயிறு

கொத்தனார்கள் தண்ணீர் மட்டம் பார்க்கும் டியூபை வாங்கி, ஒரு பலகையில் ‘யு’ வடிவில் கட்டி, மை கலந்த நீரை ஊற்றி, பக்கத்தில் அளவுகோலை ஒட்டினேன். ஒரு முனை வெளிக்காற்றுக்குத் திறந்திருக்க, மறுமுனையை ஃபில்டருக்கு முன்னே ஒருமுறையும் பின்னே ஒருமுறையும் இணைத்தேன். நீர் தவறி என்ஜினுக்குள் போய்விடாதபடி இடையில் ஒரு காலி பாட்டிலையும் வைத்தேன். நைஸ் ரோடில் இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து 6,000 சுற்று வரை ஓட்ட, பக்கத்து இருக்கையில் மைத்துனர் அளவைப் படித்தார்.

புதிய பேப்பர் ஃபில்டருக்குப் பின்னே டியூபின் இரு பக்க நீர்மட்ட வித்தியாசம் 190 மில்லிமீட்டர், முன்னே 150. அப்படியானால் ஃபில்டர் எடுத்துக்கொள்வது வெறும் 40 மில்லிமீட்டர் நீரழுத்தம், அதாவது இங்குள்ள காற்றழுத்தத்தில் அரை சதவீதத்துக்கும் குறைவு. ஃபில்டரே இல்லாமல் ஓட்டினாலும் நூறு குதிரைத்திறனில் அரைக் குதிரைத்திறன்கூடக் கூடாது. பெரிய தடை, பம்பருக்குப் பின்னால் வளைந்து நெளிந்து வரும் அந்த ஒடுங்கிய பிளாஸ்டிக் குழாயில் இருக்கிறது. இதை எண்ணாகப் பார்த்தபோது எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டாயிற்று.

24 மார்ச், ஞாயிறு

அலுவலக நண்பரிடம் கோன் ஃபில்டரை இரவல் வாங்கி மாட்டினேன். ஃபில்டருக்குப் பின்னுள்ள அளவு 190-இலிருந்து 90-க்கு இறங்கியது. ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலான ஆதாயம். முதல் ஓட்டத்தில் கார் பறப்பதுபோலவே தோன்றியது. ஏர் பாக்ஸும் அதை ஒட்டிய ரெசனேட்டரும் அமுக்கி வைத்திருந்த இரைச்சல் இப்போது நேரே காதுக்கு வந்ததால் ஏற்பட்ட உணர்வு அது.

காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி ரீடரில் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையைப் பார்த்ததும் நிலைமை வேறாகத் தெரிந்தது. வெளியே 33 டிகிரி. பழைய ஏர் பாக்ஸில் கார் ஓடும்போது 39 இருந்தது. கோன் ஃபில்டர் பானெட்டுக்குள் ரேடியேட்டர் விடும் வெப்பக்காற்றையே இழுப்பதால் ஓடும்போதே 50. சில்க் போர்டு சிக்னலில் நின்றபோது 61. மூன்று டிகிரி கூடினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஒரு சதவீதம் குறையும். ஒரு சதவீதத்தைப் பெற்று மூன்றரைச் சதவீதத்தை இழந்திருக்கிறேன். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டைக் கடக்கும்போது எல்லாக் காற்றும் கொஞ்சம் சூடாவதால் வேறுபாடு சற்றே சுருங்கும் என்றாலும், சூடான காற்றில் எரிபொருள் தானாகவே பற்றி என்ஜின் தட்டாமலிருக்க, காரின் கணினியான இசியூ, பொறி விடும் நேரமான இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுப்பதையும் சேர்த்தால் நஷ்டம் நஷ்டம்தான். மாலையே கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

7 ஏப்ரல், ஞாயிறு

எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டரை, பழைய ஏர் பாக்ஸுக்குள்ளேயே பொருந்தும் தட்டை வடிவில், வாங்கலாமா என்ற யோசனை இரண்டு வாரமாக இருந்தது. அதைக் கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். காற்றும் எளிதாகப் போகும். ஆனால் கழுவிய பிறகு எண்ணெய் அதிகமாகிவிட்டால் அது, உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரின் சூடான கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும். எண்ணெய் குறைந்தாலோ தூசி உள்ளே போகும். ஐஎஸ்ஓ 5011 என்ற சோதனை முறை, காற்றுத் தடையோடு தூசியைப் பிடிக்கும் திறனையும் எவ்வளவு தூசியைத் தாங்கும் என்பதையும் சேர்த்தே அளக்கிறது. விளம்பரங்களில் காற்றோட்டம் மட்டுமே பெரிய எழுத்தில் வருவது எனக்கு வருத்தம் தருகிறது. இந்த ஊர் மண் கிரானைட் பாறை தேய்ந்து வந்தது. அதிலுள்ள குவார்ட்ஸ் மோஸ் கடினத்தன்மையில் 7. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே அது உப்புத்தாள்போல் உராயும்.

கிருஷ்ணகிரிக்காரரான என் மெக்கானிக் ஒரு வழி சொல்லியிருந்தார். ஃபில்டருக்குப் பின்னுள்ள குழாயின் உட்புறத்தில் மெல்லிய கிரீஸ் பூசி, 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்று திறந்தோம். ஒரு பக்கமாக மட்டும் மணல் கோடு போட்டிருந்தது. “ஃபில்டர்ல குறை இல்ல சார், ஓரத்துலதான் வழி இருக்கு. இந்த கிளிப்பப் பாருங்க,” என்றார். மூடியின் ஒரு கிளிப் உடைந்து, ரப்பர் ஓரம் அழுந்தாமல் இருந்திருக்கிறது. எத்தனை மாதம் அப்படியே ஓட்டினேன் என்று நினைக்கவே மனம் பதறுகிறது. கிளிப்பை மாற்றினோம், பேப்பர் ஃபில்டரே போதும் என்று முடிவு செய்தேன்.

அடிக்கடி ஏர் அடித்துச் சுத்தம் செய்வதையும் விட்டுவிட்டேன். படிந்த தூசியே மேலும் நுண்ணிய தூசியைப் பிடிக்கிறது. காற்றழுத்தத்தில் பேப்பரோ கிழிகிறது. மைலேஜ் குறைந்துவிடும் என்று அஞ்சவும் தேவையில்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஃபில்டர் அடைத்துக்கொண்டபோது ஃப்யூயல் இன்ஜெக்ஷன் கார்களின் எரிபொருள் செலவு குறிப்பிடும்படி மாறவில்லை, வேகமெடுப்பதுதான் மந்தமானது.

28 ஏப்ரல், ஞாயிறு

நகரில் இன்று 38.5 டிகிரி. பீன்யா தொழிற்பேட்டையில் செய்து வாங்கிய 70 மில்லிமீட்டர் அலுமினியக் குழாயைப் பொருத்தினோம். வாய் மணிபோல் விரிந்திருக்கிறது, வளைவு ஒன்றுதான், முன் கிரில்லுக்குப் பின்னே தாழ்வாக நின்று வெளிக்காற்றை நேரே வாங்குகிறது. ஏர் பாக்ஸும் ரெசனேட்டரும் பழையவையே. ஃபில்டருக்கு முன்னிருந்த 150 இப்போது 80. ஓடும்போது உள்ளே போகும் காற்று வெளியைவிட இரண்டு டிகிரிதான் அதிகம். எல்லாம் சேர்ந்து இரண்டு சதவீதம்.

3 ஜூன், திங்கள்

நேற்று ஒரே நாளில் 111 மில்லிமீட்டர் மழை. சாலையில் நீர் பம்பரைத் தொட்டபோது, புதுக்குழாயின் வாய் எவ்வளவு தாழ்வில் இருக்கிறது என்ற எண்ணம் வந்து, காரை ஒரு மேட்டில் ஏற்றி என்ஜினை அணைத்துவிட்டேன். என் என்ஜினில் ஒரு சிலிண்டர் 400 சிசி. கம்ப்ரெஷன் விகிதம் பத்து, அதாவது சிலிண்டரின் முழு இடம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது என்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடம் 44 மில்லிலிட்டர்தான். மூன்று மேசைக்கரண்டிக்கு மேல் நீர் புகுந்தால், நீரை அமுக்க முடியாது என்பதால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இன்று காலை மூடியைத் திறந்து பார்த்தேன். குழாயின் அடிவளைவில் ஒரு டம்ளர் அளவுக்குச் சேற்றுநீர் நின்றது. ஃபில்டர் காய்ந்தே இருந்தது. வாயை ஹெட்லைட்டுக்கு மேலே உயர்த்தவும், அடிவளைவில் நீர் வடிய 6 மில்லிமீட்டர் துளை போடவும் குழாயைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை வரை பழைய பிளாஸ்டிக் குழாயோடு ஓட்டுகிறேன்.