யானையைப் பிடித்து வேறு காட்டில் விட்டால் போதுமா?

ஊருக்குள் யானை வந்துவிட்டால் உடனே கிளம்பும் குரல் ஒன்றுதான்: பிடித்துக் கொண்டுபோய்க் காட்டில் விடுங்கள். வருஷம் முழுக்கப் பாடுபட்ட பயிரை ஒரே ராத்திரியில் இழந்தவர் அப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் விட்ட இடத்தில் அது நிற்க வேண்டுமே!

சின்னத்தம்பி என்ற யானை ஞாபகம் இருக்கிறதா? 2019 ஜனவரிக் கடைசியில் கோவை தடாகம் பக்கம் மயக்க ஊசி போட்டு, பழக்கிய கும்கி யானைகளை வைத்து லாரியில் ஏற்றி, டாப்சிலிப் வரகளியாறு காட்டில் விட்டார்கள். சில நாளிலேயே அங்கிருந்து கிளம்பி நடந்து நடந்து உடுமலைப்பேட்டை பக்கம் கரும்புத் தோட்டத்துக்கு வந்துவிட்டது, பிப்ரவரியில் மறுபடி பிடித்து மரக்கூண்டில் அடைக்க வேண்டியதாயிற்று. இலங்கையில் யானை ஆய்வாளர் பிருதுவிராஜ் பெர்னாண்டோவின் குழு இப்படி இடம் மாற்றிய ஆண் யானைகளுக்கு இருக்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்ந்து, 2012இல் ஆய்வை வெளியிட்டது. சில பழைய இடத்துக்கே திரும்பின, சில ஊர் ஊராக அலைந்தன. கொண்டுபோய் விட்ட தேசியப் பூங்காவுக்குள்ளேயே கொல்லப்பட்ட இரண்டைத் தவிர மற்ற எல்லாமே பூங்காவை விட்டு வெளியேறிவிட்டன.

சரி, தடாகத்துக்கு யானைகள் ஏன் வந்தன? அப்போது அங்கே செங்கல் சூளைகள் நிறைய, எரிக்கப் பனைமரங்களை வெட்டிக் கொண்டுவந்து போடுவார்கள், பனைமரத்துக்குள் இருக்கும் மெதுவான சோறு, அதாவது பனஞ்சோறு என்றால் யானைக்கு உயிர். இதைக் கவனிக்காமல் ஒரு யானையை மட்டும் லாரியில் ஏற்றினால் நாளைக்கு இன்னொன்று வரும்.

வால்பாறையில் வேறு மாதிரி யோசித்தார்கள், எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. ஆனந்தகுமாரும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த மற்றவர்களும் முதலில் செய்தது யானைகளின் பின்னாலேயே போய்ப் பார்த்ததுதான். பகலில் அவை தேயிலைக்கு நடுவே மிச்சமிருக்கும் துண்டுச்சோலைகளிலும் ஆற்றோர மரங்களுக்குள்ளும் ஒதுங்குகின்றன, இருட்டிய பிறகு எஸ்டேட் வழியாக நகர்கின்றன. ஆட்கள் செத்தது பெரும்பாலும் யானை பக்கத்தில் நிற்பது தெரியாமல் போய் மாட்டிக்கொண்டதால்தான். அதனால் யானைகள் எங்கே இருக்கின்றன என்பதைச் சாயங்காலமே உள்ளூர் கேபிள் டிவியில் ஓடவிட்டார்கள், 2011 முதல் அக்கம்பக்கத்து மக்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள், வளைவுகளிலும் மேடுகளிலும் சிவப்பு விளக்கு வைத்து, யானையைப் பார்த்தவர்களே போனில் அழைத்து எரியவிடும்படி செய்தார்கள். உயிரிழப்பு நன்றாகக் குறைந்தது. பட்டாசு போட்டு விரட்டினால் கூட்டம் சிதறி, மிரண்டுபோய் அடுத்த குடியிருப்பில்தான் நுழையும், அதையும் மக்களுக்கு எடுத்துச் சொன்னார்கள்.

ஆற்றோரத்து மரங்களைக் காப்பாற்றுவதும் இதே வேலையில் சேர்த்திதான், ஏனென்றால் யானை ஒதுங்க இடமில்லாவிட்டால் குடியிருப்புப் பக்கம்தான் வரும். அப்புறம் அரிசி இருக்கிறது. ரேஷன் கடை, சத்துணவுக் கூடம் என்று யானை தேடிப்போய் உடைப்பது உள்ளே இருக்கும் அரிசிக்காகத்தான். அதை ராத்திரியில் குடியிருப்பை ஒட்டி மூட்டை மூட்டையாக வைக்காமல் இருக்க முதலில் ஒரு வழி செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.